நல்லூர் இரகுநாத மாப்பாண முதலியாரும் குலமரபாய்வின் நெறியும்

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலிற் கூறப்படும் கட்டியத்தில் ஓர் அரசனின் பெயர் இன்றும் ஒலிக்கின்றது. ஸ்ரீ சங்கபோதி புவனேகபாகு என்பது அப்பெயர். யாழ்ப்பாண வைபவமாலை அப்பெயருடையானை ஆரியச் சக்கரவர்த்தியின் மந்திரி என்கிறது. பழைய தனிச்செய்யுள் ஒன்று சகாப்தம் 870இல், அதாவது கி.பி. 948இல், அவன் நல்லூர் நகரையும் கந்தவேள் கோயிலையும் அமைத்ததாகக் குறிக்கின்றது. சங்கபோதி என்பதோ சிங்கள மன்னர் முடிசூடுங்காற் பூண்ட விருதுப்பெயர். கோட்டை மன்னன் ஆறாம் பராக்கிரமபாகுவின் பொருட்டு 1450ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணத்தை வென்று, 1467 வரை ஆண்டு, பின்னர்க் கோட்டையில் ஆறாம் புவனேகபாகு என முடிசூடிய செண்பகப் பெருமாளே கட்டியத்திற் போற்றப்படுபவன் என ஆய்வாளர் பலர் கொண்டமைக்கு இவ்விருதுப்பெயர் ஒரு தக்க காரணமாயிற்று. அவ்வாறாயின், படையெடுத்து வந்த வெற்றியாளன் ஒருவன் மூன்று நூற்றாண்டுக்குள் நல்லூர் மக்களின் நினைவில் அரசனுக்கு உண்மை பூண்ட மந்திரியாக மாறிவிட்டான் என்பது பெறப்படும்.

நினைவு முன்னோரை இவ்வாறு மாற்றியமைக்கும் இயல்புடையது. ஆதலின், ஒரு குடும்பத்தின் அல்லது ஓர் ஊரின் மூலத்தைத் தேடுவோர் எதனைச் சான்றாகக் கொள்ளலாம், எதனைக் கொள்ளலாகாது என்னும் வினா வெறும் நெறிமுறை வினா அன்று. நிலவுரிமை, கோயிலுரிமை, சாதிமதிப்பு, பதவி ஆகிய அனைத்தும் வமிசக் கதைகளின்மேல் நிறுவப்பட்ட யாழ்ப்பாணச் சமூகத்தில் அது நீதியைப் பற்றிய வினாவும் ஆகும். இதனை ஆராய்தற்கு, அதே கோயிலின் இற்றைக் கட்டடத்துக்கு மூலவராய் அமைந்த இரகுநாத மாப்பாண முதலியாரைப் போலப் பொருத்தமான எடுத்துக்காட்டுப் பிறிதில்லை எனலாம்.

ஆட்சிக்கு உண்மை பூண்டவர்

1619இல் பிலிப்பு தெ ஒலிவேறா தலைமையிற் போர்த்துக்கேயர் சங்கிலி குமாரனைச் சிறைப்பிடித்து நல்லூர் அரசை முடிவுக்குக் கொணர்ந்தனர். 1621இல் நல்லூர்ப் பெருங்கோயில் தரைமட்டமாக்கப்பட்டது. ஆட்சித் தலைமையிடமும் கடலருகே யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு மாறியது. 1658 யூன் மாதத்தில் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரை வென்று அக்கோட்டையைக் கைப்பற்றினர். இவ்வாறு கோயில் இழந்து நூறாண்டுக்கு மேற்பட்டபின், 1734இல், பழைய கோயில் நிலைபெற்ற இடத்தை விட்டுக் குருக்கள் வளவு என்னும் நிலத்திலே கந்தவேளுக்கு மீண்டும் ஒரு கோயில் எழுந்தது. கிருஷ்ணையர் சுப்பையர் என்னும் அந்தணரோடு சேர்ந்து அதனை எழுப்பியவர் தொன் யுவான் இரகுநாத மாப்பாண முதலியார். ஒல்லாந்தக் கச்சேரியிலே சிறாப்பர் பதவி வகித்தவர் அவர் எனக் கோயில் மரபு கூறும். சிறாப்பர் என்போர் அரச பணத்தைப் பெற்று, எண்ணி, நாணயத்தின் தரம் கண்டு, கணக்கொப்புவிப்போர். ஆட்சியாளரின் முழு நம்பிக்கைக்கும் உரியவரே அப்பதவியில் அமர்தல் இயலும். அவர் வழியினர் மாப்பாண முதலியார் என்னும் பெயரைத் தாங்கி, தலைமுறை தலைமுறையாக அக்கோயிலின் நிருவாகத்தைப் பேணி வந்துள்ளனர்.

அந்நிய ஆட்சிக்கு உண்மையாய்ப் பணிபுரிந்தவரை எச்சொல்லாற் குறித்தல் தகும்? தமிழ்மரபு இவ்விடத்தில் ஒருமுகமான விடை தருவதில்லை. செஞ்சோற்றுக் கடன் கழித்த கர்ணனும், தமையனின் பிழையை அறிந்தும் அவனுக்காகப் பொருது மடிந்த கும்பகருணனும் போற்றப்படுகின்றனர். அறத்தின் பக்கம் சென்ற வீடணனும் போற்றப்படுகின்றான். யாழ்ப்பாணக் கதைமரபிற் சங்கிலியைக் காட்டிக்கொடுத்தவனாகச் சொல்லப்படும் காக்கை வன்னியனின் பெயர் துரோகத்துக்கு மறுபெயராய் வழங்குகின்றது. ஒல்லாந்தர் ஆட்சியின் தொடக்கத்தில், சதிக்குற்றம் சாட்டப்பெற்று மடிந்த பூதத்தம்பி முதலியாரைப் பற்றிய கதையிலோ, ஆட்சியாளருக்கு உண்மை பூண்டவனாகத் தன்னைக் காட்டிக்கொண்டு பொய்க்குற்றம் சாட்டியவனே கொடியவன். 'பூதத்தம்பி விலாசம்' என்னும் நாடகம் அக்கதையை மேடையில் நிலைநிறுத்திற்று. எனவே, ஒரே செயல் ஒரு தரப்பின் ஏட்டில் விசுவாசமாகவும் மறுதரப்பின் நாவில் வஞ்சகமாகவும் இடம்பெறுகின்றது. குலமரபாய்வாளன் முதலிற் செய்யவேண்டுவது தீர்ப்பு வழங்குதலன்று. அச்செயல் எத்தகைய ஆவணத்தை உண்டாக்கிற்று என்று காண்டலே.

இந்நிலை யாழ்ப்பாணத்துக்கு மாத்திரம் உரியதன்று. 1775 முதல் 1783 வரை நிகழ்ந்த அமெரிக்க விடுதலைப் போரில் பிரித்தானிய முடிக்கு விசுவாசமாய் நின்றோர், தோல்வியின் பின் நாட்டைவிட்டு வெளியேறினர். அவர்தொகை ஏறத்தாழ 60,000 என மதிப்பிடப்பட்டுள்ளது. அவர்தம் இழப்புகளை விசாரிக்கப் பிரித்தானியப் பாராளுமன்றம் 1783இல் ஆணைக்குழு அமைத்தது. விண்ணப்பித்தோர் தம் பிறந்த இடம், நிலம், கால்நடை, புரிந்த சேவை ஆகியவற்றைச் சாட்சியத்தோடு எழுதிக் கொடுத்தனர். கனடாவிற் குடியேறியோர் நிலம் வேண்டி எழுதிய மனுக்களும், படைப்பிரிவுகளின் பெயர்ப்பட்டியல்களும் பேணப்பட்டன. 1789இல் ஆளுநர் டோர்செஸ்டர் பிரபு, அவர்தம் வழித்தோன்றல்களும் சிறப்புக் குறியீடு பெறும் வகையில் ஒழுங்கு செய்தார். இதனால், இரு நூற்றாண்டுக்குப் பின்னும் ஒரு கனடியக் குடும்பம் தன் விசுவாசி முன்னோரின் பெயரை ஏட்டிற் காண முடிகின்றது. ஆயினும் ஓர் இடர் உண்டு. அம்மனுக்கள் நிலமும் நட்டஈடும் பெறும் நோக்கத்தோடு எழுதப்பட்டவை. எனவே சேவையைப் பெருக்கியும் இழப்பை மிகுத்தும் கூற வேண்டிய தேவை எழுதியவர்க்கு இருந்தது. விசுவாசம் ஆவணத்தை உண்டாக்குகின்றது; அந்த ஆவணத்தின் வடிவத்தையும் அதுவே வகுத்துவிடுகின்றது. நல்லூரிலும் இவ்வுண்மை தெளிவாகத் தென்படுகின்றது.

பெயரே முதலாவணம்

தொன் யுவான் இரகுநாத மாப்பாண முதலியார் என்னும் நெடும்பெயரைப் பகுத்து நோக்கின், அது நான்கு படைகளாய் அமைந்திருத்தல் புலனாகும்.

தொன் என்பது போர்த்துக்கேயர் பெருமக்கட்கு வழங்கிய அடைமொழி. யுவான் ஞானஸ்நானப் பெயர். போர்த்துக்கேயர் காலத்தில் ஊர்த்தலைவர்கள் பலர் மதம் மாறினர். ஒல்லாந்தர் காலத்தில் அரச பதவி வகிப்போர் சீர்திருத்தத் திருச்சபையில் ஞானஸ்நானம் பெற்றிருத்தல் பொதுவிதியாயிற்று. 1658இல் கத்தோலிக்கக் குருமாருக்கு இடங்கொடுப்போர்க்கு மரணதண்டனை என அறிவித்த அதே ஒல்லாந்தரின் ஆட்சியில், கத்தோலிக்கப் போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற 'தொன்' என்னும் பட்டம் மாத்திரம் அழியாது நின்றமை கருதத்தக்கது. மதம் மாறினும் மதிப்புச் சொல் மாறவில்லை. ஞானஸ்நானப் பெயரை மனமாற்றத்துக்கோ விசுவாசத்துக்கோ உறுதியான சான்றாகக் கொள்ளுதலும் பொருந்தாது. 1619க்குப் பின் போர்த்துக்கேயரை எதிர்த்து எழுந்த முதற் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய மிகப்பிள்ளை ஆராச்சி ஞானஸ்நானம் பெற்றவரே. கோயில் கட்டிய தொன் யுவானும் ஞானஸ்நானப் பெயர் தாங்கியவரே.

இரகுநாத என்னும் இரண்டாம் படை வைணவச் சார்புடைய பெயர். அக்காலத்தில் தென்னகத்தில் அது பெருவழக்காயிருந்தது. தஞ்சையில் இரகுநாத நாயக்கர் ஆண்டார். போர்த்துக்கேயரை எதிர்த்த யாழ்ப்பாணத்தார்க்குப் படையுதவி அனுப்பியவரும் அவரே. இராமநாதபுரத்திலே இரகுநாத கிழவன் சேதுபதி ஆண்டார். இவ்வாறு பெருவழக்காயிருந்த பெயர், அதனைத் தாங்கியவர் தஞ்சையிலிருந்தோ சேதுநாட்டிலிருந்தோ வந்தவர் என்று காட்டாது. அரசர் பெயரைக் குடிகள் பிள்ளைகட்கு இடுதல் எங்கும் உள்ள வழக்கம்.

மூன்றாம் படையான மாப்பாண என்பதே ஆய்வாளரை மிகவும் ஈர்ப்பது. கைலாயமாலையும் வைபவமாலையும் ஆரியச் சக்கரவர்த்தி காலத்தில் தமிழகத்திலிருந்து வந்து குடியமர்ந்த தலைவர்களைக் கூறுமிடத்துச் செண்பக மாப்பாணன், சந்திரசேகர மாப்பாணன் என்போரைத் தெல்லிப்பழையோடு சார்த்திக் கூறுகின்றன. 1697இல் யாழ்ப்பாணத்து ஒல்லாந்தத் தளபதி சுவார்டக்குறூன் எழுதிவைத்த நினைவேட்டில், யானைத்திறை செலுத்தக் கடமைப்பட்ட வன்னித் தலைவருள் ஒருவராகத் தொன் பிலிப்பு நல்லமாப்பாணன் காணப்படுகின்றார். ஆக, தெல்லிப்பழை, வன்னி, நல்லூர் என மூவிடங்களில் ஒரே பட்டம் வழங்கியுள்ளது. மூவரையும் ஒரே குருதிவழியில் இணைத்து ஒரு வமிசாவளி வரைதல் எளிது. கேட்போர்க்கு இனிமையும் பயக்கும். ஆயினும் பட்டம் வேறு, பரம்பரை வேறு. சங்கபோதி என்னும் விருதுப்பெயர் ஒரே அரியணைக்கு உரியது. ஆதலின் அதனை உடையவன் யாவன் என்பதைச் சுட்டவல்லது. மாப்பாணன் என்பதோ பல இடங்களிற் பலர் தாங்கிய பட்டம். ஆதலின் தனித்து நின்று உறவை நிறுவமாட்டாது. சான்றின் வலிமை அதன் பழைமையில் இல்லை. அது எத்துணைப் பேர்க்குப் பொருந்தும் என்பதிலேயே உள்ளது.

நான்காம் படையான முதலியார் இங்கே சாதிப்பெயரன்று, பதவிப்பெயர். தமிழகத்தில் அச்சொல் குலப்பெயராய் வழங்குதலை மனத்திற் கொண்டு, யாழ்ப்பாணத்து முதலியார் அனைவரும் தொண்டைமண்டல முதலியார் வழியினர் எனக் கொள்ளுதல் பிழை. அந்நிய அரசுகள் மூன்றும் ஊரவருள் தேர்ந்தெடுத்தோர்க்கு இப்பட்டத்தை அளித்தன. பின்னர் அது வழித்தோன்றல்களின் பெயரோடு ஒட்டி நின்றது.

இவ்வாறு பெயரைப் பகுத்தறியின், அது ஒருவரின் பிறப்பைக் காட்டிலும் அவர் வாழ்ந்த காலத்தின் ஆட்சி வரலாற்றையே மிகுதியும் உரைக்கின்றது என்பது தெளிவாகும்.

வைபவமாலை எழுந்த சூழல்

கோயில் எழுந்து இரண்டாண்டிற்குப் பின், 1736 அளவில், யான் மக்காரா என்னும் ஒல்லாந்த அதிகாரியின் வேண்டுகோட்கிணங்க மாதகல் மயில்வாகனப் புலவர் யாழ்ப்பாண வைபவமாலையை இயற்றினார். இக்கால ஒற்றுமை நோக்கத்தக்கது. நாட்டின் பழைய வரலாற்றை அறிய ஆட்சியாளர் விரும்பிய காலமும், ஆட்சியின் கீழ்ப் பதவி பெற்ற தமிழ்க் குடும்பங்கள் தம் நிலையை ஊன்றிக்கொண்ட காலமும் ஒன்றே. இதற்கு முன், 1707இல், யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணிபுரிந்த திசாவை கிளாஸ் ஐசாக்சு தொகுத்த தேசவழமைச் சட்டத்தொகுதியும் ஆளுநரின் கட்டளைப்படி எழுந்ததே. அதனைச் சரிபார்த்து ஒப்புதல் அளித்தோர் பன்னிரு முதலிமார். நாட்டின் சட்டம் எது என்பதனை உறுதிசெய்தவரும், நாட்டின் பழங்குடிகள் எவை என்பதனை எடுத்துரைத்தவரும் ஆட்சியோடு நெருங்கியிருந்த ஒரே மேற்றட்டினர் என்பது இவ்விரண்டாலும் விளங்கும்.

வைபவமாலை கூறும் குடியேற்றப் பட்டியல், பொன்பற்றியூர்ப் பாண்டிமழவனைத் திருநெல்வேலியிலும், காவிரியூர் நரசிங்கதேவனை மயிலிட்டியிலும், செய்யூர் இருமரபுந் தூய தனிநாயகனை நெடுந்தீவிலும் அமர்த்துகின்றது. தென்னகத்திலிருந்து குடிகள் வந்தமைக்கு ஐயமில்லை. ஆயின் ஊருக்கொரு தலைவர், தலைவருக்கொரு மூலவூர் என ஒழுங்காய் அமைந்த பட்டியல், எழுதப்பட்ட காலத்து ஊர்த்தலைமைகளின் நிலையைப் பழங்காலத்தின்மேல் ஏற்றிக் காட்டுவதாகவும் இருத்தல் கூடும். பட்டியலில் இடம்பெற்ற பெயரை மூலமாகக் கொண்டு, அங்கிருந்து கீழ்நோக்கித் தம் குடும்பத்தை இணைக்கும் வழக்கம் இக்காரணத்தால் ஆபத்தானது.

நல்லூரில் வாழ்ந்து யாழ்ப்பாண வரலாற்றை ஆராய்ந்த சுவாமி ஞானப்பிரகாசர், 1928இல் வெளியிட்ட யாழ்ப்பாண வைபவ விமர்சனத்தில் இந்நூலைப் போர்த்துக்கேயச் சான்றுகளோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார். பதினாறாம் நூற்றாண்டில் ஆண்டு, 1544இல் மன்னார்க் கிறித்தவரைக் கொல்வித்த சங்கிலியும், 1617 முதல் 1619 வரை அதிகாரம் செலுத்திய சங்கிலி குமாரனும் வைபவமாலையில் ஒருவராகவே கலந்துவிட்டனர். அரை நூற்றாண்டு இடைவெளியுடைய இருவர், பெயரொற்றுமையால் ஒருவராயினர். அரசர்க்கே இக்கதி நேரின், பேரனுக்குப் பாட்டன் பெயர் இடும் வழக்கமுடைய குடும்பங்களில் இரு தலைமுறைகள் ஒன்றாய்க் கலத்தல் எத்துணை எளிது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

நல்லூர் அரசரின் நேர்வழியினராய்த் தம்மைக் கூறிக்கொள்ளும் உரிமைக் கோரிக்கைகளும் இவ்வாறே ஆராயத்தக்கன. 1591இல் அந்திரே புர்த்தாதோ படையெடுத்து எதிர்மன்னசிங்கனை அரியணையில் ஏற்றியபோது, நல்லூர் அரசுதானே போர்த்துக்கேயர்க்கு விசுவாசம் பூண்ட அரசாயிற்று. 1619இன் பின் அரசகுடும்பத்தார் ஞானஸ்நானம் பெற்றுக் கோவாவுக்கு அனுப்பப்பட்டனர். இளவரசன் ஒருவன் கொன்ஸ்தந்தீனோ என்னும் பெயரோடு பிரான்சிஸ்கன் துறவியானான். துறவிக்கு வமிசம் இல்லை. ஆதலின் அரசவழி உரிமை கோருவோர், ஆவணங்களிற் காணப்படும் அரசகுமாரர் வழியே செல்லாது, கிளைவழியொன்றைத் தனியே நிறுவக் கடமைப்பட்டவராவர்.

தோம்பும் நிலமும்

நூல்மரபு தளர்ந்து நிற்குமிடத்தில் வரியேடு கைகொடுக்கின்றது. ஐரோப்பிய ஆட்சியாளர் வரி, ஊழியம், நிலம் ஆகியவற்றின் பொருட்டு எழுதிய பதிவேடுகளே தோம்புகள். 1645ஆம் ஆண்டுப் போர்த்துக்கேய ஏட்டை அடிப்படையாகக் கொண்டு போல் ஈ. பீரிஸ் 1920இல் ஒரு நூல் வெளியிட்டார். அதில் ஊர்களின் இறையும் ஆட்சியமைப்பும் விளங்குகின்றன. ஒல்லாந்தர் நிலத்தோம்பு, தலைத்தோம்பு என இருவகை எழுதினர். கோயிற்பற்றுத்தோறும் நிறுவிய பாடசாலைகளில் ஞானஸ்நானம், திருமணம், மரணம் ஆகியவற்றைப் பதிந்த பாடசாலைத் தோம்பு மூன்றாவது. நிலத்தோம்பு சொத்தையும், தலைத்தோம்பு வீட்டாரையும், பாடசாலைத் தோம்பு உறவையும் காட்டும். மூன்றும் ஒன்றையொன்று உறுதிப்படுத்துமிடத்து உறவுமுறை ஐயமற நிலைபெறும்.

இவ்வேடுகளைப் பயன்படுத்துவோர் தேசவழமையை அறிந்திருத்தல் இன்றியமையாதது. அச்சட்டப்படி முதுசொம், சீதனம், தேடியதேட்டம் எனச் சொத்து மூவகைப்படும். முதுசொம் ஆண்மக்களைச் சாரும். சீதனமாய்க் கொடுத்த வீடும் வளவும் மகளைச் சாரும். தாயின் வளவு மகட்கும், மகளின் வளவு அவள் மகட்குமாய்ச் செல்லுதல் யாழ்ப்பாணத்திற் பெருவழக்கு. மணமகன் மனைவியின் வளவிற் குடியேறுவான். ஆதலின் தந்தைவழிப் பெயரை மாத்திரம் பின்தொடர்ந்து செல்பவன், தலைமுறைக்கு ஓர் ஊராய் அலைந்து வழிதவறுவான். ஒரு வளவின் உறுதியைப் பின்தொடர்பவனோ ஒரே நிலத்தில் நின்றவாறு பாட்டிமார் நிரையைக் காண்பான். வமிசாவளிகள் ஆண்களின் பெயர்களாலேயே எழுதப்பட்டன. நிலமோ பெண்களின் வழியே நடந்தது. ஒரு குடும்பத்தின் மூலவூரைத் தேடுவோர் பரம்பரைக் கதையினும் பாட்டியின் சீதன உறுதியை முதலில் விரித்துப் பார்த்தல் நன்று.

நல்லூர் நிலப்பெயர்களும் இவ்வாறே பேசும். சங்கிலித்தோப்பு, பண்டாரக்குளம், யமுனாரி என்பன அரசகாலத்தை நினைவூட்டுவன. குருக்கள் வளவு என்பது கோயில் எழுமுன்னர் அந்நிலம் யாரைச் சார்ந்து வழங்கிற்று என்பதைத் தன் பெயரிலேயே தாங்கியுள்ளது.

காலக்கணக்கும் ஒரு கருவியாகும். 1619க்கும் 1734க்கும் இடைப்பட்டது 115 ஆண்டு. தலைமுறை ஒன்றுக்கு முப்பது ஆண்டு கொள்ளின், கோயில் கட்டியவரின் பாட்டனோ பூட்டனோ நல்லூர் அரசின் வீழ்ச்சியைக் கண்ணாற் கண்டிருத்தல் வேண்டும். ஆகவே அவர் குலமூலத்தைத் தேடுவோர் முதலிற் செல்லவேண்டிய இடம் ஆரியச் சக்கரவர்த்தியின் அவையன்று. 1697ஆம் ஆண்டு நினைவேடு சுட்டும் பதவியாளர் வட்டம், 1658இல் ஆட்சி மாறியபோது ஒல்லாந்தர்க்கு ஏடு எழுதிக் கொடுத்தோர், 1645ஆம் ஆண்டு ஏட்டின் ஊர்கள் என அறிந்ததிலிருந்து அறியாததை நோக்கி ஒவ்வொரு படியாய் ஏறுதலே நெறி. தடம் எவ்விடத்தில் மறைகின்றதோ அவ்விடத்தில் நிற்றலும் அந்நெறியின் பாற்பட்டதே. நிற்க மனமின்றித் தாவியவர்களே பாண்டியர்க்கும் சோழர்க்கும் தம்மை உறவாக்கினர்.

பெயர் எழுதப்படாதோர்

குடியேற்றப் பட்டியல்கள் தலைவர்கள் அடிமை குடிமைகளோடு வந்தனர் என்று கூறும். தலைவர்க்குப் பெயர் உண்டு, ஊர் உண்டு, பட்டம் உண்டு. உடன்வந்தோர்க்கு அத்தொகைச்சொல் ஒன்றே உண்டு. தேசவழமையும் கோவியர், சாண்டார், பள்ளர், நளவர் என்போரை அடிமைபற்றிய பிரிவிலேயே குறிப்பிட்டது. இலங்கையில் அடிமைமுறை 1844இல் சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை, அம்மக்களுட் பலர் ஏடேறிய வாயில் உடையவரின் சொத்துக்கணக்கே. சீதன உறுதியில் வளவோடும் நகையோடும் அவர்தம் பெயரும் எழுதப்பட்டது.

அமெரிக்க விசுவாசிகளின் வரலாற்றிலும் இதற்கிணையான ஓர் ஏடு உண்டு. 1783இல் நியூயோர்க் துறைமுகத்திலிருந்து பிரித்தானியக் கப்பல்களிற் புறப்பட்ட ஏறத்தாழ 3,000 கறுப்பின மக்களின் பெயர், வயது, முன்னைய உடைமையாளர் ஆகியவை ஒரு பேரேட்டிற் பதியப்பட்டன. உரியவர்க்குப் பின்னர் நட்டஈடு வழங்க நேரின் உதவும் என்பதே பதிவின் நோக்கம். ஆயினும் இன்று அவர்தம் வழித்தோன்றல்கள் தம் முன்னோரைக் கண்டுகொள்ளும் வாயிலாக அதுவே அமைந்துள்ளது. சொத்தாக எண்ணி எழுதிய ஏடு, மனிதராக மீட்கும் ஏடாயிற்று. யாழ்ப்பாணத் தோம்புகளும் பழைய உறுதிகளும் அந்நோக்கில் வாசிக்கப்படுதல் வேண்டும். நல்லூரிலே சிறாப்பர் குலமூலம் ஆராயப்படுதற்கு எத்துணை உரிமை உண்டோ, அவர் காலத்தில் கல்லும் மண்ணும் சுமந்தோர் குலமூலம் ஆராயப்படுதற்கும் அத்துணை உரிமை உண்டு.

ஏடுகள் அழிந்த பின்

1981ஆம் ஆண்டு யூன் மாதம் தொடங்கிய வேளையில் யாழ்ப்பாணப் பொதுசன நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் சாம்பராயின. 1995 ஒற்றோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் வீடுவாசல் துறந்து வெளியேறினர். கையில் எடுக்க முடிந்தவற்றுள் அரிசிமூட்டையும் குழந்தையும் இருந்தன. பெட்டகத்துள் இருந்த உறுதிக்கட்டுகள் பல வீடுகளில் அங்கேயே கிடந்து அழிந்தன. இவ்விழப்பால் ஒரு முரண் விளைந்தது. ஊரவர் கையிலிருந்த சான்று குறைந்தது; கொழும்புத் தேசிய சுவடிக்கூடத்திலும் நெதர்லாந்தின் டென் ஹாக் நகரக் காப்பகத்திலும் உள்ள ஆட்சியாளரின் சான்று நிலைத்தது. அதனால் ஆட்சியோடு இணங்கி நின்றோரின் பெயர் மேலும் தெளிவாயும், விலகியும் எதிர்த்தும் நின்றோரின் பெயர் மேலும் மங்கலாயும் தோன்றும் நிலை உண்டாயிற்று.

1791இல், அமெரிக்காவிலிருந்து வந்த விசுவாசிகளின் குடியேற்றங் காரணமாக மேல்கனடா என ஒரு மாகாணம் வகுக்கப்பட்டது. இன்றைய ஒன்ராறியோ அதுவே. போரினாற் புலம்பெயர்ந்த யாழ்ப்பாணக் குடும்பங்கள் பெருந்தொகையாய் வாழும் ரொறன்ரோ நகரம் அம்மாகாணத்தில் உள்ளது. அங்குப் பிறந்த பேரப்பிள்ளை தன் பாட்டனின் ஊரைக் கேட்கும்பொழுது, அயலில் வாழும் கனடியன் தன் முன்னோரின் 1780களின் மனுவை ஏட்டில் எடுத்துக் காட்டுகின்றான். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு வைபவமாலையின் ஓர் அரசகதை மாத்திரமே கையளிக்கப்படுமாயின், அது அன்பினால் அளித்த கதையாயினும் நிறைவான விடையாகாது. பாட்டியின் பெயர், அவள் வளவின் பெயர், அவள் மணமுடித்த ஆண்டு, அவள் வீட்டில் உழைத்தோரின் பெயர் ஆகிய நான்கும் முதியோர் உயிரோடுள்ள பொழுதே எழுதப்படுமாயின், அதுவே புதியதொரு தோம்பாகும். எந்த ஆட்சியாளரும் வேண்டாது, எந்தப் பதவியையும் நாடாது எழுதப்படும் முதற் தோம்பும் அதுவாகவே அமையும்.

இரகுநாத மாப்பாண முதலியாரின் பெருமை அவர் யார் வழி வந்தார் என்பதிற் பெரிதும் தங்கியிருக்கவில்லை. ஒரு கையால் அந்நியரின் பணத்தை எண்ணியவர், மறுகையால் அந்நியர் இடித்த கோயிலை எழுப்பினார். அவர் பெயரிலிருந்த தொன் யுவான் கச்சேரியோடு மறைந்தது. எழுப்பிய கோயில் நிலைத்தது. குலமூலத்தைத் தேடுவோர் மேல்நோக்கி ஏறும்பொழுது அரசரையே நாடாது, இத்தகைய மனிதரை, அவர்தம் முரண்களோடும், அவர்தம் நிழலில் நின்ற பெயரற்றோரோடும் சேர்த்துக் காண முற்படுவராயின், குலமரபாய்வு குலப்பெருமையின் ஏவலாய் நில்லாது வரலாற்றின் ஒரு கிளையாய் வளரும்.